நோய் வருமுன் பூசும் மருந்து: ரப்பர் மரமும் பூசணக்கொல்லிகளும்

மழைக்காலத்தில் ரப்பர் மரத்தின் வெட்டுப்பட்டையில் பூசப்படும் மருந்தைப் பற்றித் தோட்டங்களில் பலவகையான எண்ணங்கள் நிலவி வருகின்றன. “நோய் கண்ட மரத்திற்குப் பூசினால் போதாதா? நன்றாக இருக்கும் மரத்திற்கு மருந்து எதற்கு?” என்று கேட்போர் உளர். “சென்ற வாரந்தானே பூசினோம், இந்த வாரம் மறுபடியும் ஏன்?” என்று சலித்துக் கொள்வோரும் உளர். கேள்விகள் நியாயமானவையே. காரணம் அறியாமல் செய்யப்படும் வேலையில் அக்கறை குறைவது இயல்பு. ஆதலின், அம்மருந்துகள் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை முதலில் பார்ப்போம்.

ரப்பர் மரத்தைத் தாக்கும் நோய்களில் பெரும்பாலானவை பூசணங்களால் உண்டாகின்றன. பழைய சோற்றின் மீதும், ஈரமான தோற்செருப்பின் மீதும் படர்கிறதே, அந்தப் பூசணத்தின் உறவினர்கள்தாம் இவையும். பூசணம் விதைகளால் பெருகுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வித்துகளால் பெருகுகிறது. காற்று, மழைத்துளி, வெட்டுக்கத்தி, தொழிலாளியின் உடை ஆகிய எதிலும் ஏறி அவ்வித்துகள் பயணம் செய்யும். ஈரமுள்ள இலையிலோ பட்டையிலோ விழுந்த வித்து சில மணி நேரத்தில் முளைக்கிறது. முளை ஒரு நூலைப் போல நீண்டு, மரத்தின் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடுகிறது. உள்ளே சென்ற பின்னரே நம் கண்ணுக்குப் புள்ளியும் கோடும் அழுகலும் தென்படுகின்றன. அதாவது, நாம் நோயைக் காணும் பொழுது பூசணம் பல நாள்கள் குடியிருந்துவிட்ட வீட்டுக்காரனாகிவிடுகிறது.

பூசணக்கொல்லி மருந்துகளில் இரண்டு வகைகள் உண்டு. ஒன்று, மரத்தின் உள்ளே ஊறிப் பரவும் வகை. இதனை ஊடுருவும் மருந்து எனலாம். மற்றொன்று, பூசிய இடத்திலேயே ஒரு மெல்லிய படலமாகத் தங்கும் வகை. இதுவே மேற்பூச்சு மருந்து. செம்பு கலந்த மருந்துகள், கந்தகத் தூள், மேங்கோசெப், திராம், குளோரோதலோனில் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. மேற்பூச்சு மருந்து மரத்திற்குள் செல்வதில்லை. படலத்தின் மீது விழும் வித்து ஈரத்தை உறிஞ்சி முளைக்கத் தொடங்கும் பொழுது, அந்த ஈரத்தில் கரைந்துள்ள சிறிதளவு மருந்தையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு மடிகிறது. இவ்வளவே அதன் வேலை. உள்ளே நுழைந்துவிட்ட பூசணத்தை அது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. மழை பெய்வதற்கு முன் போர்த்திக்கொள்ளும் மழைக்கோட்டுக்கு அதனை ஒப்பிடலாம். நனைந்து சளி பிடித்த பின் அந்தக் கோட்டை அணிந்து பயன் என்ன?

இதிலிருந்து மூன்று செய்திகள் தாமே விளங்கும். மருந்து நோய்க்கு முன்னால் போக வேண்டும். படலம் இல்லாத இடத்திற்குப் பாதுகாப்பு இல்லை. மழையில் கழுவப்பட்டாலோ, புதிய இலையும் புதிய பட்டையும் வெளிப்பட்டாலோ மீண்டும் பூச வேண்டும்.

திராட்சைத் தோட்டத்தில் பிறந்த மருந்து

உலகில் இன்றும் பயன்பட்டு வரும் மிகப் பழைய பூசணக்கொல்லிகளுள் ஒன்றான போர்டோ கலவை, திருடர்களை விரட்டப் போய்க் கிடைத்தது என்றால் வியப்பாக இருக்கும். பிரான்சு நாட்டின் போர்டோ வட்டாரத்தில் திராட்சைக் கொடிகளை 1878ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பூசண நோய் தாக்கத் தொடங்கியது. இலைகள் உதிர்ந்து, பழங்கள் வாடி, குடியானவர்கள் கலங்கினர். 1882ஆம் ஆண்டில் பேராசிரியர் மில்லார்டே என்பவர் அப்பக்கமாகச் சென்றபொழுது, சாலையோரக் கொடிகளில் மட்டும் இலைகள் பசுமையாக இருப்பதைக் கண்டார். வழிப்போக்கர்கள் பழங்களைப் பறிக்காமல் இருக்க, அவற்றின் மீது மயில் துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீலக் கரைசலைத் தெளித்து வைத்திருந்தனராம். நச்சுப் பழம் போலத் தோன்றட்டும் என்பதே நோக்கம். மில்லார்டே அதனைப் பல முறை சோதித்து 1885ஆம் ஆண்டில் வெளியிட்டார். மரத்தைக் காத்தது சாலையோரத்து நீலப் படலந்தான். உள்வரிசைக் கொடிகளுக்கு அது தெளிக்கப்படவில்லை. அவை நோயில் விழுந்தன.

ரப்பருக்கும் இக்கலவை பயன்பட்டு வந்திருக்கிறது. இளமரங்களின் கிளைப்பிரிவில் தோன்றும் இளஞ்சிவப்பு நோய் அதற்கு எடுத்துக்காட்டு. இது பெரும்பாலும் மூன்று முதல் எட்டு வயது வரையிலான மரங்களை மழை மிகுந்த வட்டாரங்களில் தாக்கும். ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற சில மரவகைகள் இதற்கு எளிதில் இரையாகும். முதலில் சிலந்தி வலையைப் போன்ற வெண்ணிற நூல்கள் பட்டை மீது படர்கின்றன. பட்டையிலிருந்து பால் கசிந்து வழிகிறது. பிறகே இளஞ்சிவப்பு நிறமான ஏடு படிகிறது. கிளை காய்ந்து, காய்ந்த பகுதிக்குக் கீழே புதுத் தளிர்கள் கிளம்புகின்றன. வெண்ணூல் நிலையிலேயே கண்டு மருந்திட்டால் கிளை பிழைக்கும். இலைகள் காய்ந்த பிறகு கிளையை வெட்டி அகற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே, இளமரக் காட்டில் களை எடுக்கும் தொழிலாளர்கள் தலையை நிமிர்த்திக் கிளைப்பிரிவுகளையும் ஒரு பார்வை பார்ப்பது பெரும் உதவியாகும்.

கலவை செய்யும் முறை கடினமானதன்று. நூற்றுக்கு ஒரு பங்கு வலிமையுள்ள கலவைக்கு மயில் துத்தம் 1 கிலோகிராம், நல்ல சுட்ட சுண்ணாம்பு 1 கிலோகிராம், தண்ணீர் 100 லிட்டர் தேவை. துத்தத்தை 50 லிட்டர் நீரில் ஒரு பாத்திரத்திலும், சுண்ணாம்பை நீற்றி மீதி 50 லிட்டர் நீரில் மற்றொரு பாத்திரத்திலும் கரைத்துக்கொள்ள வேண்டும். பின்னர்த் துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றி ஊற்றுதல் கூடாது. இரும்பு வாளியும் தகர வாளியும் ஆகா. மரத்தொட்டி அல்லது பிளாஸ்டிக் தொட்டி வேண்டும். கலவை சரிதானா என்று அறிய, துருவில்லாத இரும்புக் கத்தியை அதில் சற்று நேரம் வைத்திருந்து எடுத்துப் பாருங்கள். கத்தியில் செந்நிறப் படிவு காணப்பட்டால் சுண்ணாம்பு போதவில்லை என்பது பொருள். அப்படியே தெளித்தால் இலை கருகும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேர்த்து மறுபடியும் சோதிக்க வேண்டும். கலவையை அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் அதன் ஒட்டும் தன்மை கெட்டுவிடும். சுட்ட சுண்ணாம்பு நீர் பட்டவுடன் கொதிக்கும் என்பது வெற்றிலை போடும் நம்மவர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு.

பால்வெட்டு மரத்திற்குச் செம்பு ஏன் ஆகாது?

இங்கே ஓர் எச்சரிக்கை. இவ்வளவு நல்ல மருந்தைப் பால் வெட்டும் மரத்தில் பயன்படுத்தக் கூடாது. மழைநீர் தண்டின் வழியாக வழிந்து வரும்பொழுது செம்பையும் இழுத்துக்கொண்டு கோப்பையில் இறங்கிவிடும். செம்பு சிறிதளவு கலந்தாலும் ரப்பர் காற்றுப்பட்டு விரைவில் கெடும். பிசுபிசுத்துப் பிறகு வெடித்துப் போகும். அடர்பாலுக்கான அனைத்துலகத் தரக்கட்டளை, ஒரு கிலோகிராம் திடப்பொருளில் 8 மில்லிகிராமுக்கு மேல் செம்பு இருத்தலாகாது என்று விதிக்கிறது. ஒரு கிலோகிராமைப் பத்து இலட்சம் பங்கிட்டால் அதில் எட்டுப் பங்கு! இதனாற்றான் வெட்டுப்பட்டையில் செம்பு கலவாத மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. வீட்டுத் தோட்டத்து மிளகாய்ச் செடிக்கு வாங்கிய செம்பு மருந்தைச் சிறுதோட்டக்காரர் சிலர் “மருந்து மருந்துதானே” என்று பால்மரத்தில் பூசுவதுண்டு. அது பாலைக் கெடுக்கும் செயலாகும்.

இதே செம்பை இந்தியாவின் கேரளத்தில் ரப்பர் மரங்களுக்கு ஆண்டுதோறும் தெளிக்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே 1910ஆம் ஆண்டு முதல் அறியப்பட்ட ஓர் இலையுதிர்வு நோய் உண்டு. தென்மேற்குப் பருவமழையுடன் வரும் அந்நோய்க்கு எதிராக, மழை தொடங்குவதற்கு முன்பே இலைகளின் மீது செம்பு மருந்து தெளிக்கப்படுகிறது. மழை தொடங்கிய பின் தெளித்துப் பயனில்லை என்பதை அங்குள்ளோர் நன்கு அறிவர். ஆனால் அது இலைக்கூரைக்கு உரிய மருந்து. வெட்டுப்பட்டையைக் கழுவ அங்கும் மேங்கோசெப் போன்ற செம்பில்லா மருந்துகளே கொள்ளப்படுகின்றன.

வெட்டுப்பட்டைதான் உங்கள் வருமானம்

பால்வெட்டுத் தொழிலாளிக்கு நேரடியாகத் தொடர்புடையவை வெட்டுப்பட்டை நோய்கள். அவற்றுள் கருங்கோட்டு நோயும் பூசண அழுகலும் தலையாயவை.

கருங்கோட்டு நோயை உண்டாக்கும் பைட்டோப்தோரா, நீரில் நீந்தும் வித்துகளை உடையது. (இதனை இன்றைய அறிவியலார் பூசணக் குடும்பத்தில் சேர்ப்பதில்லை, தடுக்கும் முறை ஒன்றேயாதலின் நாம் பிரித்துப் பேச வேண்டியதில்லை.) அழுகிய காய்களிலிருந்தும் இலைகளிலிருந்தும் மழைநீரோடு தண்டில் இறங்கியும், மண்ணிலிருந்து தெறித்தும் அது வெட்டுக்கோட்டை அடைகிறது. வெட்டுக்கோட்டிற்குச் சற்று மேலே, நிறம் மங்கிய குழிவுகள் முதலில் தெரியும். பட்டையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே மரத்தில் நெடுங்குத்தாகக் கருங்கோடுகள் காணப்படும். கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய புண்ணாகி, பட்டை வெடித்துப் பால் கசியும்.

பூசண அழுகல் சற்று வேறுபட்டது. வெட்டுக்கோட்டை ஒட்டி அதற்கு இணையாகச் சாம்பல் நிறப் பஞ்சு போன்ற பூசணம் படர்கிறது. இது வெட்டுக்கத்தியின் மூலமாகவே மரம் விட்டு மரம் தாவும் வல்லமை பெற்றது. நோய் கண்ட நிரையில் வெட்டிய கத்தியை மருந்து நீரில் நனைக்காமல் அடுத்த நிரைக்குக் கொண்டுபோவது, நாமே நோயைச் சுமந்து செல்வதற்கு ஒப்பாகும்.

நோய் முற்றிய மரத்தில் வெட்டை நிறுத்த வேண்டிவரும். அன்றைய பால் போயிற்று. அதனினும் பெரிய இழப்பு பின்னால் வருகிறது. ஒரு வெட்டில் நாம் எடுக்கும் பட்டை ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். எடுத்த இடத்தில் புதுப்பட்டை வளர்ந்து, சுமார் பத்தாண்டுகள் கழித்து மீண்டும் அதே இடத்தில் வெட்ட வருகிறோம். கருங்கோட்டு நோய் மரத்தின் வளர்படையை அழித்துவிட்டால் அங்கே புதுப்பட்டை சமமாக வளராது. மேடும் பள்ளமும் முடிச்சுமாக நிற்கும். கத்தி அதில் ஓடாது. இன்று ஒரு மழைக்காலத்தில் காட்டிய அலட்சியம், பத்தாண்டு கழித்து அந்த நிரையை ஏற்கும் தொழிலாளியின் எடையைக் குறைக்கிறது. எடைக்கு ஏற்ப ஊதியம் பெறுவோர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

“சென்ற வாரந்தானே பூசினோம்” என்ற கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. ஒவ்வொரு வெட்டும் ஒரு புதிய காயம். நேற்றுப் பூசிய படலம் நேற்றைய காயத்தைக் காக்கிறது. இன்று கத்தி திறந்துவிட்ட பட்டைக்கு அதனால் யாதொரு பாதுகாப்பும் இல்லை. அந்தப் படலத்தை நாமே சீவி எடுத்துவிட்டோம். ஆகவேதான் மழைநாள்களில், பால் எடுத்து முடிந்தவுடன் அன்றைக்கே, வெட்டுக்கோட்டையும் அதற்கு மேலே இரண்டு விரல் அகலத்தையும் மருந்து நனைக்கும்படி தூரிகையாலோ தெளிப்பானாலோ பூசச் சொல்கிறார்கள். மறுநாள் காலை வரை ஒத்திப்போட்டால் இரவு மழையில் வித்து முந்திக்கொள்ளும். பட்டை சொட்டச் சொட்ட நனைந்திருக்கும்பொழுது பூசினாலும் மருந்து நில்லாது, வழிந்து போகும். சற்று உலர்ந்தபின் பூசி, காய்வதற்கு நேரம் கொடுக்க வேண்டும். காய்வதற்குள் பெருமழை பெய்துவிட்டால் அந்தச் சுற்று வீணாயிற்று என்று கொண்டு மீண்டும் பூசுவதே முறை. சுற்றுகளைப் பாதியாகக் குறைத்தால் செலவு பாதியாகும் என்பது கணக்கு. ஆனால் பாதுகாப்பு பாதியாக நிற்பதில்லை. விட்ட நாளில் பெய்த மழை ஒன்றே போதும். ரப்பர் விலை வீழும் காலங்களில் முதலில் வெட்டப்படும் செலவு மருந்துச் செலவாக இருப்பது வருந்தத்தக்கது.

மருந்து மட்டுமே துணை என்று எண்ணவும் கூடாது. வெட்டுப்பட்டையைச் சுற்றிக் களை மண்டிக் கிடந்தால் காற்றோட்டம் குறைந்து ஈரம் காயாது. ஆழமாக வெட்டி மரத்தில் காயம் படுத்தினால் நோய்க்கு வாயில் திறந்துவிட்டதாகும். நல்ல வெட்டுக்காரரின் நிரையில் மருந்துக்கு வேலை குறைவு.

அளவைப் பற்றி ஒரு சொல். மேங்கோசெப் போன்ற தூள்கள் நீரில் கரைவதில்லை, மிதந்து நிற்கின்றன. சிறிது நேரம் அசையாமல் வைத்தால் அடியில் படிந்துவிடும். காலையில் தெளித்த மரங்களுக்கு வெறும் நீரும், கடைசி மரங்களுக்குக் கெட்டிச் சேறும் போய்ச் சேரும். முதலில் சிறிது நீரில் கூழாகக் குழைத்து, பின் முழு நீரில் ஊற்றி, வேலை முடியும் வரை அடிக்கடி குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். லிட்டருக்கு 5 கிராம் என்று சிட்டையில் கண்டிருந்தால், 16 லிட்டர் முதுகுத் தெளிப்பானுக்கு 80 கிராம். பால் டின்னால் மொண்டு போடும் கண்ணளவு வேண்டா. ஒரு சிறிய தராசு அல்லது அளவு குறித்த கிண்ணம் அம்மருந்து விலையில் ஒரு சிறு பகுதியே.

இலைக்குக் கந்தகம்

ஆண்டின் தொடக்கத்தில் இலையுதிர்ந்து புதுத்தளிர் விடும் காலத்தில் ஒய்டியம் எனும் சாம்பல் நோய் வருகிறது. தளிரின் மீது வெண்பொடி தூவியது போல் படர்ந்து, இலை சுருங்கி உதிர்ந்து, மரத்தடியில் பிஞ்சிலைகள் குவிந்து கிடக்கும். முற்றிய இலையை இப்பூசணம் ஒன்றும் செய்வதில்லை. எனவே, செந்தளிராக இருக்கும் சில நாள்களைக் கடத்திவிட்டால் மரம் தப்பித்தது. இதற்கு நுண்ணிய கந்தகத் தூளை இயந்திரத்தால் ஊதி மேலே அனுப்புவர். ஒரு சுற்றுக்கு ஹெக்டருக்குச் சுமார் 10 கிலோகிராம் என்பது வழக்கமான அளவு. தளிர்கள் ஒரே நாளில் விடுவதில்லை. நாள்தோறும் படலமற்ற புதிய இலைகள் விரிந்துகொண்டே இருக்கின்றன. அதனால் ஐந்து முதல் ஏழு நாள்களுக்கு ஒரு முறையாகப் பல சுற்றுகள் தேவைப்படுகின்றன.

விடியுமுன் இவ்வேலைக்கு ஆள்களை அழைப்பதற்கும் காரணம் உண்டு. அவ்வேளையில் காற்று அடங்கியிருக்கும். தூள் புகை போல எழுந்து மரமுடி வரை சென்று பரவும். இலையில் பனி ஈரம் இருப்பதால் ஒட்டிக்கொள்ளும். வெயில் ஏறியபின் ஊதும் தூள் பக்கத்துத் தோட்டத்திற்கே போகும். கந்தகத் தூள் நெருப்புக்கு எளிதில் இரையாவது. இயந்திரத்தருகே சுருட்டோ சிகரெட்டோ பற்றவைத்தல் பேராபத்து. கண் எரிச்சலுக்குக் கண்ணாடி அணிதல் வேண்டும்.

2017ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் பெஸ்டலோட்டியோப்சிஸ் எனும் புதிய இலையுதிர்வு நோய் பேசப்பட்டு வருகிறது. அதற்கு முந்திய ஆண்டில் வடசுமத்திராவில் அது தோன்றியது. முற்றிய இலைகளிலும் வட்ட வட்டமான பழுப்புப் புள்ளிகளை உண்டாக்கி, ஆண்டில் பன்முறை இலைகளை உதிர்த்துப் பாலைக் குறைப்பது இதன் கொடுமை. முற்றிய இலை தப்பிவிடும் என்ற ஆறுதல் இதில் இல்லை. உயர்ந்த மரங்களின் முடியை மருந்து எட்டுவதும் எளிதன்று. உதிர்ந்த இலைகளில் வட்டப் புள்ளிகளைக் கண்டால் மண்டோரிடமோ நிர்வாகத்திடமோ, சிறுதோட்டக்காரராயின் மலேசிய ரப்பர் வாரிய அலுவலரிடமோ உடனே கூறுதல் நலம்.

பழைய மருந்து பயன் இழக்கவில்லை

ஊடுருவும் மருந்துகள் இருக்க, இந்த மேற்பூச்சு மருந்துகள் எதற்கு என்றும் சிலர் கேட்பர். ஊடுருவும் மருந்துகள் பெரும்பாலும் பூசணத்தின் ஒரேயோர் உறுப்பு வேலையைத் தாக்குகின்றன. அந்த ஓர் இடத்தை மாற்றிக்கொள்ளும் பூசணம் தப்பிப் பெருகிவிடுகிறது. பைட்டோப்தோராவுக்கு எதிராக 1970களின் பிற்பகுதியில் வந்த மெட்டலாக்சில் என்ற மருந்துக்கு, 1980ஆம் ஆண்டிலேயே அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களில் அடங்காத நோய் தோன்றிவிட்டது. மேற்பூச்சு மருந்துகளோ ஒரே நேரத்தில் பல இடங்களைத் தாக்குகின்றன. 1885ஆம் ஆண்டின் செம்புக் கலவைக்குப் பூசணங்கள் இன்றளவும் பெரிதாகப் பழகவில்லை. இரு வகையையும் கலந்தோ மாற்றி மாற்றியோ கொடுப்பது இதனாற்றான்.

மருந்து மரத்திற்கு மேற்பூச்சானாலும் மனிதனுக்கு அவ்வாறன்று. மேங்கோசெப் உடனே ஆளை வீழ்த்தும் நஞ்சன்று; அதனாலேயே அலட்சியம் வளர்கிறது. நெடுநாள் மூச்சிலும் தோலிலும் சேர்ந்தால் கழுத்துச் சுரப்பிக்குக் கேடு செய்யும் என்று கண்டறிந்துள்ளனர். ஐரோப்பிய ஒன்றியம் அதன் அனுமதியை 2020ஆம் ஆண்டின் இறுதியில் புதுப்பிக்க மறுத்தது. குளோரோதலோனிலுக்கு 2019ஆம் ஆண்டிலேயே அவ்வாறு செய்தது. முன்னாளில் வெட்டுப்பட்டைக்குப் பெரிதும் பயன்பட்ட காப்டபோல், புற்றுநோய் ஐயத்தால் உலகெங்கும் கைவிடப்பட்டது. ஆகவே தூளைக் கலக்கும்பொழுது, தெளிக்கும் வேளையைவிட அதிக கவனம் தேவை. தூள் பறப்பது அப்பொழுதுதான். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, கையுறையும் முகமூடியும் அணிந்து கலக்க வேண்டும். சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொள்வது முகமூடியாகாது. நனைந்த துணி மருந்தைத் தோலோடு ஒட்ட வைக்கிறது. கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மார்களும் இவ்வேலையிலிருந்து மாற்று வேலை கேட்டுப் பெறுதல் நன்று.

பாதுகாப்புக் கருவிகளை நிர்வாகம் தன் செலவில் தர வேண்டும். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி அதற்காகத் தொழிலாளியிடம் பணம் பிடித்தலாகாது. எந்த மருந்து, என்ன கேடு என்பதை எடுத்துரைத்துப் பயிற்சி அளிப்பதும் முதலாளியின் கடமை. மருந்துச் சிட்டையின் அடியில் உள்ள நிறப்பட்டை, படிக்கத் தெரியாதவர்க்கும் எச்சரிக்கை கூறும். கறுப்பும் சிவப்பும் கொடிய நஞ்சு. மஞ்சளும் நீலமும் அதனினும் குறைந்தவை. வெள்ளை எல்லாவற்றினும் குறைந்தது. வெள்ளைப் பட்டை கண்டும் கையுறையைக் கழற்ற வேண்டா. அந்நிறம் உடனடி நஞ்சின் அளவையே காட்டுகிறது, நாள்பட்ட கேட்டை அன்று.

வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் குளித்து, வேலை உடையைப் பிள்ளைகளின் துணியோடு சேர்க்காமல் தனியே துவைக்க வேண்டும். மீந்த மருந்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவருவது எக்காரணத்தாலும் கூடாது. தீர்ந்துபோன கலத்தை மூன்று முறை நீர்விட்டு அலசி, அந்த நீரையும் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, கலத்தின் அடியில் துளையிட்டுச் சாமான் கிடங்கில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். துளையிடாத கலம் ஏதேனும் ஒரு நாள் யாருடைய வீட்டிலாவது தண்ணீர்க் குடமாகிவிடும்.